புகைக்கூண்டின் ஓட்டை

என் உயிரைத் தந்தவனும், அதை ஒருமுறை நடுவானத்திலிருந்து எனக்குத் திருப்பித் தந்தவனும் ஆகிய ரப்புக்கே எல்லாப் புகழும். என் அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, ஆகாயத்தில் போன காதர் மைதீன் என்று என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் கேட்டால் சிரிக்கும்படியாகக் கொஞ்சம் சொல்லி அனுப்பிவிடுவேன். முழுவதையும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். என் பெருமைக்காக அல்ல. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தலைகீழாகத் தொங்கியதுதான் நான் செய்தது.

லண்டன் மகாராணி இறந்த செய்தி வந்த வருஷம் அது. எனக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்தில் ஒரு பருத்தி மண்டியில் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் பிள்ளை ஆண். பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவதும் ஆண். அது அழவே இல்லை. இரண்டையும் என் கையால்தான் மண்ணுக்குள் வைத்தேன். அவ்வளவு சின்னக் கபன் துணியை இரண்டாம் முறை கிழித்தபோது எனக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிற்று.

தொழுகையை நான் விடவில்லை. ஐந்து வேளையும் தொழுவேன். ஆனால் முடிவில் சலாம் கொடுத்ததும் எழுந்துவிடுவேன். கையேந்த மாட்டேன். எதையும் கேட்க மாட்டேன். கேட்டால் கிடைக்காது என்ற கோபம்கூட இல்லை. கேட்பதற்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு வறட்சியை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் மனைவி மரியம் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் அவளே கேட்டாள்.

“நீங்க துவாவே கேக்குறதில்லையே. ஏன்?”

“கேட்டு என்ன ஆச்சு?”

அவள் கோபப்படவில்லை. “சரி, உங்களுக்கும் சேத்து நானே கேட்டுக்கிடுதேன்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த ஆனி மாதம்தான் புகைக்கூண்டுக்காரர்கள் ராஜபாளையத்துக்கு வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியர்கள். கணபதிராவ் என்பவரும் அவர் மனைவி காவேரிபாயும். தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். ஒரு பெண்பிள்ளை புகைக்கூண்டில் ஆகாயத்துக்கு ஏறி, அங்கிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு கீழே குதிக்கப்போகிறாள் என்று. ஊரே அதைத்தான் பேசியது. காவேரிபாய் கால்சட்டை போட்டுக்கொண்டு ஊஞ்சல் கட்டையில் உட்காருவார் என்று கேள்விப்பட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியவர்களும் உண்டு.

கூண்டைப் பிடித்துக்கொள்ளப் பலசாலிகளான ஆட்கள் வேண்டும் என்று கணபதிராவ் மண்டிக்கு வந்து கேட்டார். மண்டிக்காரர் எங்களில் சிலரை அனுப்பினார். பொதி கட்டும் கைகள் கயிற்றை நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தார்.

ஊருக்கு வடக்கே ஒரு பொட்டல். அங்கே பள்ளம் தோண்டி, அதில் பருத்திமாரையும் வைக்கோலையும் எரித்தார்கள். பள்ளத்தை மூடி ஒரு பக்கம் மட்டும் புகை வர வழி விட்டிருந்தார்கள். அந்தப் புகையின் மேல், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, துணிப்பை தொங்கியது. சூடான புகை உள்ளே போகப் போகப் பை உப்பி, ஒரு பெரிய வீட்டை விட உயரமாக எழுந்து நின்றது. அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நான் கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். அன்று என் மானத்தைக் காத்தது அதுதான். ஏன் என்று பின்னால் தெரியும்.

காவேரிபாய் வந்தார். முப்பது வயது இருக்கும். கூட்டம் கூச்சல் போட்டதை அவர் காதிலேயே வாங்கவில்லை. ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்துக்கொண்டே எங்களிடம் பேசினார்.

“நான் விடுங்கன்னு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில விடணும். ஒரு பக்கம் முந்தினா கூண்டு சாஞ்சிடும். சாஞ்சா நெருப்பு பக்கத்தில இருக்கு. புரியுதா?”

புரிகிறது என்றோம். என் கயிற்றை இழுத்துப் பார்த்தபோது, “சாயபு, கெட்டியாத்தான் பிடிச்சிருக்கீங்க,” என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பையின் வாய்க்குக் கீழே ஓர் ஊஞ்சல் கட்டை தொங்கியது. அவர் அதில் ஏறி உட்கார்ந்தார். பக்கவாட்டில் அந்தப் பெரிய குடை மடித்துக் கட்டியிருந்தது. இடுப்பில் ஒரு நீளமான துணியைச் சுற்றி, கால்சட்டைப் பட்டையில் ஒரு சின்னக் கத்தி செருகியிருந்தார்.

ஆனி மாதக் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. பை அப்படியே சாய்ந்து பள்ளத்துப் பக்கம் போயிற்று. மூடியிருந்த இடம் பிளந்து தீ வெளியே எட்டிப் பார்த்தது. அது பையின் வயிற்றை நக்கிவிட்டது.

“தீ, தீ” என்று யாரோ அலறினார்கள். அந்தப் பக்கம் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எரியும் துணி தலையில் விழும் என்றால் யாருக்கும் பயம்தான். ஆனால் அவர்கள் விட்டதும் கூண்டு எங்கள் பக்கம் துள்ளியது. இனி பிடித்து வைத்தால் மொத்தமும் நெருப்பில் விழும் என்று காவேரிபாய்க்குத் தெரிந்துவிட்டது.

“விடுங்க,” என்று கத்தினார்.

நான் விட்டேன். கயிறு என்னை விடவில்லை. எனக்குப் பின்னால் சுருண்டு கிடந்த அதன் மிச்சம், கூண்டு துள்ளியபோது என் வலது கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் முன்னே பூமி என் தலைக்கு மேலே போய்விட்டது. கூட்டம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. எல்லாருடைய வாயும் திறந்திருந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பொதி தூக்கிப் பழகிய உடம்பு. ஒரு வேகத்தில் மடங்கி எழும்பி, கயிற்றைக் கையால் பிடித்துவிட்டேன். தலை நிமிர்ந்தது. கால் இன்னும் சுருக்கில்தான். கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வீடுகள் சம்பா நெல்லைக் கொட்டியது மாதிரிக் கிடந்தன. வலது பக்கம் சஞ்சீவி மலை. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் எனக்கு நேராக, என் கண் மட்டத்தில் நிற்பதுபோல் இருந்தது. காற்று எங்களை அந்தத் திசையில்தான் கொண்டுபோயிற்று.

கலிமாவைச் சொன்னேன். சாகப்போகிறவன் சொல்வது மாதிரித்தான் சொன்னேன். பிறகு மரியத்தின் முகம் வந்தது. யாராவது ஓடிப்போய் அவளிடம் சொல்வார்களே, இந்த நிலையில் அவள் தாங்குவாளா என்று நினைத்தேன். அப்போதுதான், அத்தனை மாதங்களாக வராத வாய் வந்தது.

“யா அல்லா, மரியம் வயித்துல இருக்கிற பிள்ளைக்கு அத்தா வேணும். என்னை இறக்கி விடு.”

அவ்வளவுதான் என் துவா. அரபியில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தமிழில், எங்கள் செட்டியார்பட்டித் தமிழில், கேட்டேன்.

மேலே பார்த்தேன். அப்போதுதான் ஓட்டையைப் பார்த்தேன். ஏறிய வேகத்தில் தீ அணைந்துவிட்டிருந்தது. ஆனால் அது தின்ற இடம் ஒரு முறத்தளவு கருகி, அதன் வழியே புகை சரசரவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்று மட்டும் தெரியும். எங்களைத் தூக்கிப் பிடித்திருப்பது அந்தப் புகைதான். அது போய்விட்டால் நாங்கள் கல். உடனே இன்னொன்று கேட்டேன். “ரப்பே, அந்த ஓட்டையை அடைச்சிரு.” அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

“சாயபு.”

காவேரிபாய் எனக்கு மேலே, ஒன்றரை ஆள் உயரத்தில் இருந்தார். அதுவரைக்கும் நான் தொங்குவது அவருக்குத் தெரியாது. இப்போது குனிந்து பார்த்துவிட்டார். அவர் முகம் ஒரு நொடி வெளுத்ததைப் பார்த்தேன். ஒரு நொடிதான்.

“கீழே பார்க்காதீங்க. என் முகத்தையே பாருங்க. கை தாங்குமா?”

“தெரியலை தாயி. நீங்க குதிச்சிருங்க. உங்களுக்குக் குடை இருக்குல்லா. நீங்களாவது தப்பிச்சிருங்க.”

“நான் குதிச்சா கூண்டு கவுந்திடும்,” என்றார். சந்தையில் விலை சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். “உச்சியில கல்லு மூட்டை கட்டியிருக்கு. என் பாரம் போனதும் அது தலைகீழாக் கவுந்து, புகையெல்லாம் கொட்டிடும். கூண்டு கீழே வரதுக்காகத்தான் அப்படிக் கட்டுறது. அப்புறம் உங்க கதி?”

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் ஊஞ்சல் கட்டையில் முழங்காலை மடித்து மாட்டிக்கொண்டு, தலைகீழாகச் சரிந்தார். அவருடைய பின்னல் என் முகத்தில் வந்து அடித்தது. கையை நீட்டினார். எட்டவில்லை. உடம்பை ஆட்டி ஆட்டி, ஊஞ்சலோடு ஆடி, என் கயிற்றைப் பிடித்துவிட்டார். இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்து, என் மணிக்கட்டையும் கயிற்றையும் சேர்த்து, சுற்றிச் சுற்றிக் கட்டினார். அவர் உயிருக்காகக் கற்றுக்கொண்ட வித்தையை என் உயிருக்காகச் செலவழித்தார்.

“இப்ப கை ஓஞ்சாலும் விழ மாட்டீங்க.”

பிறகு அவரும் ஓட்டையைப் பார்த்தார். கீழே பார்த்தார். பனைமரங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம், மிக வேகமாக.

“ரெண்டு பேர் பாரம் அதிகம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாரத்தைக் குறைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தியை எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னை வெட்டிவிட்டிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கத்தி துணியை அறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அந்தப் பெரிய வெள்ளைக் குடை விரியாமல், ஒரு செத்த கொக்கு மாதிரிக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

அவர் தன் குடையை அறுத்து எறிந்திருந்தார், சகோதரர்களே. தான் தப்பிக்க வைத்திருந்த ஒரே வழியை. கூண்டு சற்று நிதானப்பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீங்க. மூச்சு வேணும். தரை பக்கத்தில வந்ததும் முழங்காலை மடக்கிக்கோங்க. கால் சுருக்கை நான் அறுத்து விடறேன்.”

சொன்னபடியே எட்டி, என் கைக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே, கயிற்றை அறுத்தார். இன்னும் தலைகீழாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தார். அப்படியே என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். என்ன பெயர் என்று கேட்டார். வீட்டில் யார் என்று கேட்டார். மரியம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னேன். “அப்போ கட்டாயம் வீட்டுக்குப் போகணுமே,” என்றார். வானத்தில் இப்படிப் பேசிக்கொண்டு போனோம் என்றால் நம்புவீர்களா? கீழே இருந்தவர்கள், வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அது ஓர் ஆயுசு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இப்பால் ஒரு கண்மாய். கோடையில் வற்றி, கரையை ஒட்டி மட்டும் சகதி கிடந்தது. அதில் விழுந்துவிட்டால் பிழைப்போம் என்று அவர் சொன்னார். ஆனால் கரையில் பனைமரங்கள். எங்களுக்கு மேலே இருந்த பை ஒரு பனையின் தலையில் மாட்டியது. மட்டை கருக்கில் துணி கிழியும் சத்தம் வானம் கிழிவது மாதிரி இருந்தது. ஓட்டையாக இருந்தது இப்போது வாசலாகிவிட்டது. புகை முழுவதும் ஒரே மூச்சில் போயிற்று.

விழுந்தோம்.

முழங்காலை மடக்கினேனா, தெரியாது. சகதி வாயிலும் மூக்கிலும் போயிற்று. வலது கால் நெருப்பாக எரிந்தது. எழுவதற்கு முன்னே அந்தப் பெரிய துணி எங்கள் மேல் வந்து மூடிக்கொண்டது. உள்ளே இருட்டு. புகை நாற்றம். மூச்சு முட்டியது.

“தாயி,” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

என் கை இன்னும் கயிற்றோடு கட்டியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். துணிக்கடியில் முழங்கையால் ஊர்ந்து தடவிப் பார்த்தேன். அவர் தலை தட்டுப்பட்டது. முகம் சகதிக்குள் கிடந்தது. தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. ஆனால் அந்தத் துணியைத் தள்ளி வெளியே வர எனக்குப் பலம் இல்லை. எவ்வளவு இழுத்தாலும் துணி துணியாக வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் கத்தினேன். “யா அல்லா, யாரையாவது அனுப்பு,” என்று, தொண்டை கிழியும்படி.

வெளியே குரல்கள் கேட்டன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு புருஷனும் பெண்சாதியும்.

“ஏட்டி, கிட்டப் போவாதே. ஆகாசத்துல இருந்து விழுந்திருக்கு. பேயா பிசாசா, என்னன்னு தெரியலை.”

“பேயி அல்லான்னு கத்துமாக்கும்? மனுசச் சத்தம்லா அது. அருவாளக் கொண்டா.”

“நீ சும்மா இரு. ஆளுகளைக் கூட்டியாறேன்.”

“நீரு ஆளுகளைக் கூட்டியாறதுக்குள்ள உள்ள இருக்கிறவன் செத்துப் போவான். கொடும் இங்கே.”

அரிவாள் துணிக்குள் நுழைந்து மேலிருந்து கீழே இறங்கியது. வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துவிட்டு, மடியில் கிடந்த காவேரிபாயைப் பார்த்துவிட்டு, “அய்யோ, ஒரு பொம்பளப்பிள்ளையுமில்லா இருக்கு,” என்றாள். பிறகு அவளும் அவள் புருஷனுமாக எங்களை இழுத்து வெளியே போட்டார்கள். அவர்தான் வண்டியும் பிடித்து வந்தார். பயந்த மனுஷன்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வண்டியோடு கூடவே ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் வராந்தாவில் படுக்க வைத்தார்கள். எனக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. காவேரிபாய்க்கு இடது கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போடும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கணபதிராவ் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். வழியில் விரியாத குடை ஒரு வயலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மனைவி செத்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டார். வராந்தாவில் மனைவியை உயிரோடு பார்த்ததும் அந்தப் பெரிய மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எதனால் இப்படி ஆயிற்று என்று அவரே எனக்கு விளக்கினார். மலைக்காற்று வீசி, பை சாய்ந்து, பள்ளத்தின் மூடி பிளந்தது. தீ துணியைப் பிடித்தது. ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் விட்டதால் கூண்டு துள்ளி, கிடந்த கயிறு என் காலைச் சுற்றியது. ஓட்டை வழியாகப் புகை போனதால் கூண்டு வேகமாக இறங்கி, மரத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டது.

“எல்லாம் அந்த ஓட்டையாலதான்,” என்றேன். “அதை அடைச்சிருன்னு அல்லாகிட்ட எம்புட்டோ கெஞ்சினேன்.”

காவேரிபாய் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“நல்லவேளை, அடைக்கலை.”

“ஏன் தாயி?”

“ஓட்டை இல்லாட்டி கூண்டு இன்னும் ரெண்டு பங்கு உயரம் போயிருக்கும். புகை ஆறி, தானா இறங்கிற வரைக்கும் நீங்க தொங்கணும். உங்க கையைக் கட்டினேனே தவிர, அந்தப் பழந்துணி அவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்கே நம்பிக்கை இல்லை. கீழே இறக்கினது அந்த ஓட்டைதான்.”

சகோதரர்களே, நான் இரண்டு கேட்டேன். இறக்கி விடு என்றேன். ஓட்டையை அடை என்றேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பவனுக்குத் தெரியாததைக் கொடுப்பவன் தெரிந்து வைத்திருந்தான். முதலாவதைக் கொடுத்தான். அதற்காகவே இரண்டாவதை மறுத்தான். நான் கேட்டதை அவன் காதில் வாங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும், வாங்கிக்கொண்டுதான் இருந்தான்.

அன்றே மரியம் வந்துவிட்டாள். நான் செத்துவிட்டேன் என்றுதான் அவளுக்குச் சேதி போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டியில் கூட்டி வந்தார்கள். வராந்தாப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை அசைத்ததும் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தில் இருந்த சகதியை முந்தானையால் துடைத்தாள்.

“நான் துவாக் கேட்டேன்,” என்று சொன்னேன்.

“கேட்டீகளா,” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

பிறகு காவேரிபாய் பக்கம் திரும்பி, அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காவேரிபாய்க்கு வெட்கமாகிவிட்டது.

“நான் ஒண்ணும் செய்யலை. வேற எவரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க.”

“செஞ்சிருக்க மாட்டாக அக்கா,” என்றாள் மரியம்.

என் மனைவி சொன்னது சரி. ஊரில் அந்த அம்மாளின் உடையைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பொதி கட்டுகிறவனுக்காகத் தன் குடையை அறுத்து எறியும் நெஞ்சு அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? எனக்கு இருந்திருக்குமா? இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னால் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை. அவரை அங்கே வைத்திருந்தவன் அல்லாஹ் என்று நான் நம்புகிறேன். அதை அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். “நானும் என் அம்பாளைத்தான் கூப்பிட்டேன், சாயபு. யாரோ காதில வாங்கிட்டாங்க,” என்றார்.

காவேரிபாயின் கால் ஆறும் வரைக்கும் அவர்கள் ராஜபாளையத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். மரியம் அடிக்கடி போய்ப் பார்த்து வருவாள். மாதம் நெருங்கியதும் போக முடியவில்லை. புரட்டாசியில் அவளுக்கு வலி கண்டது. நான் வாசலில் நின்றேன். முன்பு இரண்டு முறையும் அதே இடத்தில் நின்றவன்தான். இந்த முறை கை தானாக ஏந்திக்கொண்டது. பிள்ளையைக் கொடு என்று கேட்டேன். கொடுக்காவிட்டாலும் உன்னை விட்டுப் போக மாட்டேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லி முடித்தபோது மனசு லேசாகிவிட்டது.

உள்ளே பிள்ளை அழுதது. பெண். ஆயிஷா என்று பெயர் வைத்தோம். காவேரிபாய் கம்பை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

“இனி ஏற மாட்டீங்கல்ல அக்கா?” என்று மரியம் கேட்டாள்.

“ஏறாம? கால் சரியாகட்டும். புதுக் கூண்டு தைக்கச் சொல்லியாச்சு.”

அதன் பிறகு அவர்கள் திருநெல்வேலிப் பக்கம் போனார்கள். அப்புறம் எந்தச் சேதியும் இல்லை.

கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. என் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது கேட்டேன். கிடைக்கவில்லை. அழுதேன். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. இன்னொன்றும் செய்கிறேன். நம் ஜமாஅத்தில் யாராவது சின்னப் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தால், அந்தத் தகப்பனோடு போய் உட்கார்ந்துகொள்வேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சும்மா உட்கார்ந்திருப்பேன். அவராக எழுந்து போகும் வரை நான் எழுந்து வர மாட்டேன். வானத்தில் என்னை விட்டுப் போகாமல் கூடவே இருந்து இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களில் யாருக்காவது வாய் வறண்டு போயிருந்தால், தொழுது முடித்ததும் ஓடிவிடாதீர்கள். செத்த நேரம் உட்காருங்கள். அழகான வார்த்தை வேண்டாம். உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டாம். எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

அப்படிக் கேட்கும்போது காவேரிபாய்க்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். எங்கே இருக்கிறாரோ, இப்போது வயதும் ஆகியிருக்கும். சாரல் விழுந்தால் அந்தக் கால் ரொம்ப வலிக்கிறது என்று அப்போதே மரியத்திடம் சொல்லியிருக்கிறார்.